நியூயார்க் பேட்டைவாசிகளும் நில வரம்பும்

ஒரு நகரத்தில் இன்ன தெருவில் வீடு கட்டலாம், இன்ன தெருவில் கடை வைக்கலாம், இன்ன இடத்தில் இத்தனை மாடிக்கு மேல் எழுப்பலாகாது, இன்ன வீதியை அகலப்படுத்த வேண்டும் என்றெல்லாம் விதிக்கும் அதிகாரம் யாரைச் சேர்ந்தது என்று கேட்டால், மனைக்கு உடையவனைச் சேர்ந்தது என்பதே நெடுங்காலமாக உலகம் சொல்லி வந்த விடை. நகர சபையைச் சேர்ந்தது என்ற விடை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் வலுப்பெற்றது. மனைக்குச் சொந்தக்காரராகவும் இல்லாமல், சபையில் உத்தியோகஸ்தராகவும் இல்லாமல், அந்தத் தெருவில் வாடகை கொடுத்துக் குடியிருந்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்து, அங்கேயே மூப்பும் அடைகின்ற சாதாரண ஜனங்களுக்கும் அதில் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்ற எண்ணம் எல்லாவற்றுக்கும் பிந்தியது. அந்த எண்ணத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைப்பதற்குள் பல தலைமுறைகள் கழிந்தன. அந்தச் சரித்திரத்தை நியூயார்க் நகரத்தின் மான்ஹாட்டன் தீவில், அதன் தென்பாதியில் அடுத்தடுத்துக் கிடக்கும் சில பேட்டைகளின் கதையிலேயே ஏறக்குறைய முழுமையாகக் கண்டுவிடலாம்.

அங்கே கிரீனிச் வில்லேஜ் என்ற பேட்டையில் வாஷிங்டன் சதுக்கம் என்றொரு பூங்கா இருக்கிறது. 1797 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் அது ஏழைகளையும் அநாதைகளையும் அடக்கம் செய்யும் பூமியாக இருந்தது. பிறகு படைகள் அணிவகுக்கும் மைதானமாகி, 1827-ல் பூங்காவாயிற்று. நகரத்தின் செல்வ வீதியாகிய ஐந்தாம் அவென்யூ அந்தப் பூங்காவின் வடபுறத்தில்தான் தொடங்கி, வடக்கு நோக்கிச் செல்கிறது. பூங்காவுக்குக் கிழக்கே ஒரு தெரு தள்ளி, பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று தளங்களில் இயங்கி வந்த டிரையாங்கிள் என்ற தையற்சாலையில் 1911 மார்ச் 25-ம் தேதி தீப்பிடித்து 146 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூத, இத்தாலிய குடும்பங்களின் இளம்பெண்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களின் சரித்திரத்தில் அந்தத் தீ விபத்துக்கு உரிய இடம் யாவரும் அறிந்தது. அந்தத் தையற்சாலை ஏன் அந்த இடத்தில் இருந்தது, அதைப் போன்றவை அதற்குப் பிறகு எங்கே போயின என்ற விஷயம் நம் கதைக்கு நெருங்கிய சம்பந்தமுடையது.

ஆயத்த ஆடைத் தொழில் அக்காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே படிப்படியாக நகர்ந்துகொண்டிருந்தது. வாங்குகிற வியாபாரிகளுக்கு அருகில் இருப்பது தைக்கிற முதலாளிகளுக்கு அனுகூலம் ஆகையால், ஐந்தாம் அவென்யூவின் இருமருங்கிலும் பெரிய பெரிய கிடங்குக் கட்டடங்கள் எழும்பி, அவற்றின் மேல்தளங்களில் ஆயிரக்கணக்கான தையல் இயந்திரங்கள் ஓடின. நண்பகல் இடைவேளையில் அந்தத் தொழிலாளர்கள் காற்று வாங்குவதற்காகக் கீழே இறங்கி வந்து நடைபாதையை நிறைத்து நின்று தங்கள் பாஷையில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த வீதியில் கடை வைத்திருந்த பெரிய வியாபாரிகளுக்கு அது பொறுக்கவில்லை. சீமாட்டிகள் வண்டியிலிருந்து இறங்கத் தயங்குகிறார்கள், மனைகளின் மதிப்புக் குறைகிறது என்று முறையிட்ட அவர்கள் 1907-ல் ஐந்தாம் அவென்யூ சங்கம் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். அந்த நகரத்தின் நில விதிகளை உருவாக்குவதில் முதன்முதலாகப் பெரும் வெற்றி கண்ட பேட்டைச் சங்கம் இதுவே.

அவர்களுடைய கட்சிக்கு வேறொரு திசையிலிருந்தும் பலம் வந்தது. தீவின் தென்முனையில், பிராட்வே வீதியில், 1915-ல் ஈக்விடபிள் கட்டடம் பூர்த்தியாயிற்று. ஓர் ஏக்கருக்கும் சற்றுக் குறைந்த மனையில், தெருவோரத்திலிருந்து கொஞ்சமும் பின்வாங்காமல் செங்குத்தாக 38 மாடிகள் எழுந்த அந்தக் கட்டடத்தின் தளங்களையெல்லாம் சேர்த்தால் 12 லட்சம் சதுர அடி. அதன் நிழல் சுற்றுப்புறத்தில் 7 ஏக்கர் வரையில் விழுந்தது. பக்கத்துக் கட்டடங்களில் இருந்தவர்கள் வெயிலையும் இழந்தார்கள். குடிக்கூலிக்கு வந்தவர்கள் வெளியேறியதால் வருமானத்தையும் இழந்தார்கள். ஒருவன் தன் மனையில் செய்வது மற்றவன் மனையைப் பாழாக்கக் கூடும் என்பதைச் சொத்துரிமையையே வேதமாகக் கொண்டிருந்தவர்களும் அப்போது உணர்ந்தார்கள். கட்டட உயரத்தை ஆராய 1913-லேயே ஒரு குழு அமைக்கப்பட்டு, எட்வர்ட் பாஸெட் என்ற வழக்கறிஞர் அதற்குத் தலைமை வகித்து வந்தார். 1916 மார்ச்சில் ஐந்தாம் அவென்யூ வியாபாரிகள் ஒன்றுகூடிப் பத்திரிகைகளில் பெரிய விளம்பரம் வெளியிட்டார்கள். 33-வது தெருவுக்கும் 59-வது தெருவுக்கும் இடையே தையற்சாலை வைத்திருப்பவர்களை விட்டு, அந்த எல்லைக்கு வெளியே வைத்திருப்பவர்களிடமே இனி முதன்மையாகச் சரக்கு வாங்குவோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஜூலை 25-ம் தேதி, பெருநகரம் ஒன்றின் நிலம் முழுவதையும் பாகுபடுத்திய முதல் அமெரிக்கச் சட்டம் என்று கருதப்படும் நியூயார்க் மண்டலச் சட்டம் நிறைவேறிற்று. குடியிருப்பு, வியாபாரம், கட்டுப்பாடற்றது என்று மூவகையாக நகரம் பிரிக்கப்பட்டது. உயர்ந்த கட்டடங்கள் மேலே செல்லச் செல்லத் தெருவிலிருந்து பின்வாங்கிக் குறுக வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

வெயிலும் காற்றும் தெருவுக்குக் கிடைத்தன என்பதில் ஐயமில்லை. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர்கள் தங்கள் வீதியின் நடைபாதையில் ஏழைத் தொழிலாளர்கள் நிற்பதைச் சகியாதவர்கள் என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். பேட்டைவாசிகள் ஒன்றுசேர்ந்து குரல் எழுப்புவது எப்போதும் நியாயத்தின் குரலாகவே இருக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தத் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடக் கொடிய உதாரணங்களும் அந்தத் தேசத்தில் உண்டு. பால்டிமோர் நகரம் 1910-ல், கறுப்பர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், வெள்ளையர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்றே சட்டம் செய்தது. லூயிவில் நகரம் செய்த அவ்வகைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1917-ல் செல்லாது என்று தள்ளிற்று. அதன் பின்னர், அண்டை அயலார் சங்கங்கள் பல தங்களுக்குள் பத்திரம் எழுதிக்கொண்டு, எங்கள் தெருவில் எவரும் கறுப்பருக்கு வீட்டை விற்பதில்லை என்று பிரதிக்ஞை செய்துகொண்டன. நீதிமன்றங்கள் அந்தப் பத்திரங்களை அமல் செய்யலாகாது என்ற தீர்ப்பு 1948 வரையில் வரவில்லை. மண்டலச் சட்டமே அரசியல் அமைப்புக்கு உட்பட்டதுதான் என்று 1926-ல் ஓஹையோ மாகாணத்தின் யூக்லிட் என்ற சிற்றூர் சம்பந்தப்பட்ட வழக்கில் முடிவாயிற்று. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாண்ட், தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்கு வீட்டை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டார். அடுக்கு வீட்டில் குடியிருப்பவர்கள் யார், தனி வீட்டில் குடியிருப்பவர்கள் யார் என்பது அக்காலத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டாத விஷயம்.

இனி வாஷிங்டன் சதுக்கத்துக்குத் திரும்புவோம். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலந்தொட்டு நியூயார்க்கின் பூங்காக்கள், பாலங்கள், நெடுஞ்சாலைகள், பிற்பாடு சேரி ஒழிப்பு ஆகிய யாவும் ராபர்ட் மோஸஸ் என்ற ஒரே மனிதரின் கைக்குள் இருந்தன. ஒரு கட்டத்தில் பன்னிரண்டு பதவிகளை ஏக காலத்தில் வகித்த அவர், ஜனங்களின் வாக்குப் பெற்று எந்தப் பதவிக்கும் வந்தவரல்லர். 1934-ல் கவர்னர் பதவிக்கு ஒரே ஒரு முறை நின்று பெருந்தோல்வி அடைந்தார். அவருடைய கார்ய சாமர்த்தியத்தையும், கடற்கரைகளையும் விளையாட்டுத் திடல்களையும் லட்சக்கணக்கானவர்களுக்குத் திறந்துவிட்ட அவருடைய ஆரம்ப காலப் பணிகளையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் வரைபடத்தில் ஒரு கோட்டை அவர் இழுத்துவிட்டால் அந்தக் கோட்டின் கீழ் வாழ்கிறவர்களை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

அவருக்கு வாஷிங்டன் சதுக்கம் ஒரு தடையாகத் தோன்றிற்று. ஐந்தாம் அவென்யூ பூங்காவின் வாயிலோடு நின்றுவிடுகிறதே, அதை உள்ளே ஊடுருவச் செய்து தெற்கே கொண்டுபோகலாகாதா என்று 1930-களிலிருந்தே பல திட்டங்கள் தீட்டினார். பூங்காவுக்குத் தெற்கே இருந்த பழைய கட்டடங்களைச் சேரி என்று அறிவித்து இடித்து, அங்கே புதிய அடுக்கு வீடுகளைக் கட்டுவதற்குக் குத்தகைக்காரர்களை அழைத்தபோது, சாலை நீண்டு வந்தால் அந்த வீடுகளுக்கும் ஐந்தாம் அவென்யூ என்ற செல்வாக்கான விலாசம் வாய்க்கும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. பூங்காவுக்குள் அதற்கு முன்பே ஒரு வண்டிப் பாதை உண்டு. பஸ்கள் உள்ளே வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அந்த வழக்கத்தைக் காரணம் காட்டி, 1952-ல் பூங்காவின் ஊடே இரண்டு சாலைகள் என்றும், 1955-ல் நடுவில் பள்ளம் பறித்து 48 அடி அகலச் சாலை என்றும் பிரேரணைகள் வந்தன.

1952-ல் இதை எதிர்க்கப் புறப்பட்டவர் ஷர்லி ஹேய்ஸ் என்ற அம்மையார். நான்கு பிள்ளைகளின் தாய். முன்பு நடிகையாக இருந்தவர். நகர நிர்மாண சாஸ்திரம் எதுவும் கற்றவரல்லர். பூங்காவில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாய்மார்களே அவருடைய முதல் படை. எடித் லயன்ஸ் என்ற இன்னோர் அம்மையாரும் அவரோடு சேர்ந்தார். இவர்கள் வீடு வீடாகவும் கடை கடையாகவும் கையொப்பம் வாங்கி, விஞ்ஞாபனங்களைத் தயாரித்து, நகரத்தின் நிதியையும் நிலத்தையும் ஆண்ட மதிப்பீட்டு வாரியத்தின் முன் மீண்டும் மீண்டும் போய் நின்றார்கள். இப்படி ஏழு வருஷம் நடந்தது.

இந்தப் பெண்களின் வேலையில் நான் மிகவும் போற்றுவது அவர்களுடைய விடாமுயற்சியை மாத்திரமன்று. கேட்டது இன்னதென்பதில் அவர்களுக்கிருந்த தெளிவை. மோஸஸ் 48 அடி கேட்டார். மான்ஹாட்டன் பரோவின், அதாவது அந்த நகரப் பிரிவின், தலைவராக இருந்த ஹூலன் ஜாக் 36 அடியில் சமரசம் செய்துகொள்ளலாம் என்றார். ஊர்ப் பிரமுகர்களிலும் பலர், சாலையே வேண்டாமென்றால் நம்மைப் பிடிவாதக்காரர்கள் என்பார்களே, அகலத்தைக் குறைக்கச் சொல்லுவோம் என்று யோசனை கூறினார்கள். ஹேய்ஸ் அம்மையார் எந்த அகலத்துக்கும் இணங்கவில்லை. பூங்காவில் இப்போது இருக்கிற பாதையையும் மூட வேண்டும், ஒரு வண்டியும் உள்ளே வரலாகாது என்பதே அவர் தொடக்கத்தில் கேட்டது, இறுதிவரையில் கேட்டதும் அதுவே. அடிக்கணக்கைப் பற்றிய பேச்சில் இறங்கினால் சாலை உண்டென்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதை அவர் கண்டிருந்தார்.

அதே பேட்டையில் ஹட்ஸன் தெரு 555-ம் இலக்க வீட்டில், முன்பு மிட்டாய்க் கடையாக இருந்த ஒரு பழைய கட்டடத்தைச் செப்பனிட்டுக் கணவரோடும் பிள்ளைகளோடும் வசித்து வந்த ஜேன் ஜேகப்ஸ், கட்டடக் கலைப் பத்திரிகை ஒன்றில் எழுதி வந்தவர், இந்தக் கிளர்ச்சியில் ஒரு தொண்டராக வந்து சேர்ந்தார். 1958-ல் பேட்டையின் சங்கங்கள் பலவற்றையும் ஒன்றுசேர்த்து, பூங்காவை வண்டிகளுக்கு மூடுவது என்ற ஒரே லட்சியத்தோடு ரேமண்ட் ரூபினோ தலைமையில் ஓர் அவசரக் கூட்டுக் குழு ஏற்பட்டது. எலினர் ரூஸ்வெல்ட், லூயிஸ் மம்ஃபோர்டு போன்ற பெரியோர் ஆதரவளித்தார்கள். அந்தப் பேட்டையிலேயே 1955-ல் பிறந்த வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை வாரந்தோறும் எழுதிற்று. 30,000-க்குக் குறையாத கையொப்பங்கள் சேர்ந்தன. டம்மனி ஹால் என்று பேர் போன ஜனநாயகக் கட்சி இயந்திரத்தின் தலைவரான கார்மைன் டி சாபியோ அந்தப் பேட்டையிலேயே குடியிருந்தவர். தம் சொந்த வட்டாரத்து வாக்காளர் அத்தனை பேரும் ஒரு பக்கம் நிற்பதைக் கண்டு, அவரே வாரியத்தின் முன் தோன்றிப் பூங்காவுக்காக வாதாடினார். 1958 நவம்பர் 1-ம் தேதி, பரீட்சார்த்தமாகப் பாதை மூடப்பட்டது. சாலைத் திறப்பு விழாக்களில் நாடாவை வெட்டுவது வழக்கமாகையால், மூடு விழாவாகிய அன்று நாடாவைக் கட்டினார்கள். அதன் முனையைப் பிடித்திருந்த சிறுமிகளில் ஒருத்தி ஜேகப்ஸின் மூன்று வயது மகள். பாதையை மூடினால் சுற்றுத் தெருக்கள் வண்டிகளால் திணறிப்போகும் என்று நிபுணர்கள் எச்சரித்திருந்தார்கள். அப்படி ஒன்றும் நேரவில்லை. 1959-ல் மூடியது நிரந்தரமாயிற்று.

1961 பிப்ரவரியில் அதே பேட்டையின் மேற்குப் பகுதியில் 14 கட்டடத் தொகுதிகள் சீரழிந்த பிரதேசமா என்று ஆராய்வதற்கு 3,50,000 டாலர் வேண்டுமென்று நகர அதிகாரிகள் கேட்ட செய்தி பத்திரிகையில் வெளிவந்தபோது, ஜேகப்ஸின் வீடும் அந்த எல்லைக்குள் அடங்கியிருந்தது. ஆராய்ச்சி என்பது இடிப்பதற்கு முதற்படி என்று பேட்டைவாசிகள் அதற்குள் கற்றிருந்தார்கள். ஒரு மாதம் அவகாசம் வாங்கிக்கொண்டு, கப்பல் துறைத் தொழிலாளரும் கடைக்காரரும் எழுத்தாளரும் பாதிரிமாரும் அடங்கிய ஒரு குழு தாங்களே வீடு வீடாகச் சென்று, யார் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், என்ன வாடகை, என்ன வசதி, எத்தனை பேர் தங்கள் செலவிலேயே வீட்டைப் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்துச் சேரி என்ற பட்டத்தைப் பொய்யாக்கினார்கள். அக்டோபரில் திட்டக் கமிஷன் அதைப் பொருட்படுத்தாமல் பிரதேசம் தகுதியுடையது என்று அறிவித்தபோது சபை மண்டபத்தில் பெருங்குழப்பம் உண்டாயிற்று. சிலரைப் போலீஸார் தூக்கி வெளியேற்றினார்கள். 1962-ன் தொடக்கத்தில் கமிஷன் தன் முடிவைக் கைவிட்டது. அமெரிக்கப் பெருநகரங்களின் சாவையும் வாழ்வையும் பற்றிய ஜேகப்ஸின் புகழ் பெற்ற நூல் இந்தப் போராட்டத்தின் நடுவே, 1961-ல், வெளிவந்தது.

அதன் பிறகு பிரூம் தெரு வழியாகத் தீவைக் குறுக்கே அறுத்துச் செல்லவிருந்த பத்துப் பாதை நெடுஞ்சாலையை அந்தத் தெருவின் பாதிரியார் ஜெரார்டு லா மவுண்டனும் ஜேகப்ஸும் மற்றவர்களும் எதிர்த்ததும், 1968 ஏப்ரலில் நடந்த பொது விசாரணையில் ஜேகப்ஸ் கைது செய்யப்பட்டதும், 1969-ல் மேயர் லிண்ட்ஸே அந்தச் சாலைக்கு முடிவு கட்டியதும் பல நூல்களில் விஸ்தாரமாகச் சொல்லப்பட்டவை. அவற்றை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

நூல்களில் அத்தனை இடம் பெறாத மற்றொரு பேட்டையைப் பற்றிச் சொல்லுவதே இந்தக் கட்டுரையின் முக்கிய நோக்கம். வாஷிங்டன் சதுக்கத்திலிருந்து கிழக்கே சில தெருக்கள் நடந்தால் கூப்பர் சதுக்கம் வரும். 1860-ல் லிங்கன் பேருரை நிகழ்த்திய கூப்பர் யூனியன் கலாசாலை அங்கேதான் இருக்கிறது. அதற்குத் தெற்கே பவரி வீதி. கூலி வேலை கிடைத்தால் செய்து, கிடைக்காத நாளில் மதுவில் ஆழ்ந்து, இரவுக்கு ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்துப் படுக்கும் அநாதை மனிதர்களின் விடுதிகளுக்கு அக்காலத்தில் பேர்போனதாக இருந்தது. அந்த வீதிக்கு அடுத்த பழைய அடுக்கு வீடுகளில் யூதர், இத்தாலியர், உக்ரேனியர், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர் எனப் பல இனத்து ஏழைகள் குடியிருந்தார்கள். 1949-ம் வருஷத்து வீட்டு வசதிச் சட்டத்தின்படி மத்திய அரசின் பணத்தைக் கொண்டு சேரிகளை இடிக்கும் அதிகாரம் பெற்றிருந்த மோஸஸின் குழு, 1959-ல் இந்தப் பிரதேசத்தை இடிக்கத் திட்டம் வெளியிட்டது. 2,400 வாடகைக் குடித்தனங்கள், ஒற்றை அறைகளில் வசித்த 450 பேர், விடுதிகளில் 4,000 கட்டில்கள், 500-க்கு மேற்பட்ட கடை கண்ணிகள் அகற்றப்பட வேண்டும். அந்த இடத்தில் நடுத்தர வகுப்பினருக்குக் கூட்டுறவு வீடுகள் 2,900 எழும்ப வேண்டும். அகற்றப்படுகிறவர்களில் பெரும்பான்மையோர் அந்த வீடுகளில் ஒன்றையும் வாங்கச் சக்தியற்றவர்கள்.

இந்த இடத்தில்தான் கூப்பர் சதுக்கத்தார் அதுவரை எந்தப் பேட்டையும் செய்யாத ஒரு காரியம் செய்தார்கள். வாஷிங்டன் சதுக்கத்தாருக்கு இருந்ததைக் காக்க வேண்டியிருந்தது. அதற்கு வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். கூப்பர் சதுக்கத்தாரின் வீடுகளோ உண்மையிலேயே பழுதடைந்தவை. பல வீடுகளில் கணப்பு வசதியில்லை, குளியலறையில்லை. இடிக்காதே என்று மட்டும் சொன்னால் பாழ் வீட்டில் கிடப்பதே தங்கள் விருப்பம் என்றாகிவிடும். ஆகையால் ஃபிரான்ஸஸ் கோல்டின் முதலிய வாடகைக் குடியினர் கூடிக் கூப்பர் சதுக்கக் குழுவை நிறுவி, வால்டர் தாபிட் என்ற நகரத் திட்ட நிபுணரைத் துணைக்கு அழைத்து, நூற்றுக்கு மேற்பட்ட கூட்டங்கள் போட்டுத் தாங்களே ஒரு மாற்றுத் திட்டம் வகுத்து 1961-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரதேசத்தைப் புதுப்பிப்பதன் பலன் அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கே முதலில் சேர வேண்டும் என்பது அதன் அடிப்படை. முதலில் காலி மனைகளிலும் ஜனநெருக்கம் குறைந்த இடங்களிலும் வீடு கட்டுவது; பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்களை அதில் குடியேற்றுவது; அவர்கள் விட்டுப்போன கட்டடத்தை இடித்து அங்கே கட்டுவது; அதில் அடுத்த தொகுதியாரைக் குடியேற்றுவது என்று, ஒரு குடும்பமும் பேட்டையை விட்டு வெளியேறாமல் பேட்டை முழுவதையும் புதிதாக்கும் வழியை அவர்கள் கட்டம் கட்டமாக எழுதி வைத்தார்கள். பவரி விடுதிகளில் படுத்திருந்த, வாக்குரிமைக்கும் வராத, எந்தச் சங்கத்திலும் சேராத அநாதை மனிதர்களுக்கும் அந்தத் திட்டத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஐந்தாம் அவென்யூ சங்கம் நடைபாதையில் நிற்கவும் விடாத மனிதர்களின் வாரிசுகள், தங்களிலும் எளியவர்களுக்கு இடம் விட்டுத் திட்டம் போட்டதைப் படிக்கும்போது என் மனம் நெகிழ்கிறது.

நகர சபை அந்தத் திட்டத்தை உடனே ஏற்றுக்கொண்டதென்று எண்ண வேண்டாம். ஊர்வலங்களும் உள்ளிருப்புகளும் நடந்து, மேயர்கள் மாறி, 1970-ல்தான் மதிப்பீட்டு வாரியம் அதன் ஒரு சுருக்கத்துக்குச் சம்மதம் கொடுத்தது. 1973-ல் ஜனாதிபதி நிக்ஸன் வீட்டு வசதிக்கான மத்திய உதவியை நிறுத்தியதும், கட்டப்படவிருந்த வீடுகள் காகிதத்திலேயே நின்றுவிட்டன. குழு கலையவில்லை. நகரத்தின் வசம் வந்திருந்த பழைய கட்டடங்களை இடிக்காமல் செப்பனிட்டுத் தங்கள் பொறுப்பில் ஒப்படைக்கும்படி கேட்டு வாதாடி, 1990-களில் அதைச் சாதித்தார்கள். நிலம் ஓர் அறக்கட்டளைக்கு உரியது. அது விற்கப்பட மாட்டாது. கட்டடங்கள் 1991-ல் ஏற்பட்ட பரஸ்பர வீட்டு வசதிச் சங்கத்தின் நிர்வாகத்தில் உள்ளவை. குடியிருப்பவர் ஒரு சிறு தொகைக்குப் பங்கு பெறுவார். வெளியேறும்போது சந்தை விலைக்கு அதை விற்க முடியாது. அடுத்து வருகிற எளியவருக்கே அது போகும். இவ்வாறு 20-க்கு மேற்பட்ட கட்டடங்களில் 300-க்கு மேற்பட்ட வீடுகள், மான்ஹாட்டனில் மனை விலை கற்பனைக்கெட்டாத உயரத்துக்குப் போன காலத்திலும், ஏழைகளின் கையில் நின்றன.

பேட்டைவாசிகளின் குரலுக்குச் சட்டம் எவ்வளவு இடம் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் மேயரான ராபர்ட் வாக்னர், மான்ஹாட்டன் பரோ தலைவராக இருந்த 1951-ல் பன்னிரண்டு சமூகத் திட்ட ஆலோசனைச் சபைகளை நியமித்தார். 1963-ம் வருஷத்து நகர சாஸனம் அவ்வகைச் சபைகளை நகரத்தின் ஐந்து பரோக்களுக்கும் விரித்தது. 1975-ல் ஜனங்கள் வாக்களித்து ஏற்ற திருத்தம் நகரத்தை 59 வட்டாரங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் சம்பளமில்லாத ஐம்பது அங்கத்தினர் வரையில் கொண்ட சமூக வாரியத்தை உறுதிப்படுத்திற்று. அதன் பின்னர் மண்டல வரம்பை மாற்றவோ, நகரத்தின் நிலத்தை விற்கவோ எவரேனும் விரும்பினால், மனு முதலில் அந்த வட்டாரத்து வாரியத்துக்கு வர வேண்டும்; வாரியம் 60 நாளுக்குள் பகிரங்க விசாரணை நடத்தித் தன் அபிப்பிராயத்தைத் தெரிவிக்க வேண்டும்; பிறகே பரோ தலைவரும் திட்டக் கமிஷனும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பட்டது. பத்திரிகையில் பார்த்துத் திடுக்கிடும் நிலை இதனால் நீங்கிற்று. ஆனால் வாரியத்தின் அபிப்பிராயம் அபிப்பிராயமே. மேலே இருப்பவர்களை அது கட்டுப்படுத்தாது. வாரியத்தின் அங்கத்தினர்களை நியமிப்பவரும் பரோ தலைவரே. பேட்டையார் தாங்களாகவே திட்டம் வகுத்து அனுப்பலாம் என்றும் அந்த சாஸனத்தில் ஒரு பிரிவு உண்டு. கூப்பர் சதுக்கத்தார் சட்டத்தின் துணையில்லாமல் செய்ததற்குச் சட்டத்தில் இடம் உண்டாயிற்று என்று அதைக் கொள்ளலாம். அந்தப் பிரிவின்படி முதலில் ஏற்கப்பட்ட திட்டம், வீடுகள் எரிந்தும் இடிந்தும் பாதி ஜனங்கள் வெளியேறிப் போயிருந்த தென் பிராங்க்ஸின் மூன்றாம் வாரியம் அனுப்பியது, ஆண்டு 1992. அதன் பிறகு ஏற்கப்பட்ட திட்டங்கள் மிகச் சிலவே.

கிரீனிச் வில்லேஜின் கதை எவ்வாறு முடிந்தது? 1969-ல் அந்தப் பேட்டையின் 2,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் சரித்திரச் சின்னப் பிரதேசமாகப் பாதுகாக்கப்பட்டன. மேற்குப் பகுதியின் குழு தன் பேட்டையில் ஒரு குடும்பத்தையும் அப்புறப்படுத்தாமல் கட்டுவதற்கென்று 1963-ல் வெளியிட்ட ஐந்து மாடி வீட்டுத் திட்டம், பல வருஷ இழுபறிக்குப் பின் 420 வீடுகளாக 1970-களின் நடுவில் நிறைவேறிற்று. இவையெல்லாம் நன்மைகளே. ஆனால் தெருவும் கட்டடமும் காப்பாற்றப்பட்ட அந்தப் பேட்டையில் கப்பல் துறைத் தொழிலாளியும் சிறு கடைக்காரரும் காப்பாற்றப்படவில்லை. வாடகை உயர உயர அவர்கள் போய்விட்டார்கள், செல்வர்கள் வந்தார்கள். இதற்காக ஜேகப்ஸையோ ஹேய்ஸையோ குறை கூறுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். சாலைக்கும் இடிப்புக்கும் பலியாகியிருந்தால் அந்தத் தொழிலாளிகள் முப்பது வருஷம் முன்னதாகவே வெளியேறியிருப்பார்கள். வேண்டாம் என்ற சொல்லுக்கு இடிப்பைத் தடுக்கச் சக்தி உண்டு. விலையைத் தடுக்கச் சக்தியில்லை என்பதை மட்டும் அந்தப் பேட்டையின் பிற்கால அனுபவம் காட்டிற்று. நிலத்தை விற்பனையினின்று விலக்கி வைத்தவர்கள் கூப்பர் சதுக்கத்தாரே.

அதனால் நியூயார்க்கின் பேட்டைச் சங்கங்களில் முதலிடம் யாருக்கு என்று என்னைக் கேட்டால், வெற்றி விரைவாகக் கிடைத்த ஐந்தாம் அவென்யூவுக்கும் அல்ல, கீர்த்தி பெரிதாகக் கிடைத்த வாஷிங்டன் சதுக்கத்துக்கும் அல்ல, முப்பது வருஷம் காத்திருந்த கூப்பர் சதுக்கத்துக்குத்தான் கொடுப்பேன். நகர நிர்மாணம் கற்கும் நம் மாணவர்கள் ஜேகப்ஸின் நூலைப் பாடமாகப் படிக்கிறார்கள். அது மிகவும் சரியே. அதே 1961-ல், அதே ஊரில், வாடகைக் குடியினர் கூடி எழுதிய மாற்றுத் திட்டத்தையும் அதனோடு சேர்த்து அவர்கள் படிக்க வேண்டும்.